எந்தக் கப், எந்த ஸ்பூன்?

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் இதழின் சமையல் பக்கத்தில் இட்லிக்கு ‘அரிசி 4 கப், உளுந்து 1 கப், உப்பு 3 டீஸ்பூன்’ என்று குறிப்பு வரும்போது, அந்தக் கப் எத்தனை மில்லி என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். அந்த ஒரு வரி இல்லாமல் நல்ல குறிப்புகள்கூட வீணாகின்றன.

அரிசியையும் உளுந்தையும் எதில் அளந்தாலும் 4க்கு 1 மாறாது. இடிப்பது உப்பில்தான். 240 மி.லி. கப்பில் அளந்தால் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 1 கிலோ வரும். அதற்கு 3 டீஸ்பூன் பொடியுப்பு, சுமார் 18 கிராம், சரியாக இருக்கும். ஆனால் பல வீடுகளில் கைக்கு வருவது 150 மி.லி. காபி டம்ளர். அதில் அளந்தால் 600 கிராம் சொச்சம்தான் தேறும். உப்பு மட்டும் அதே 3 டீஸ்பூன் விழுந்தால் இட்லி கரிக்கும். மாவு பொங்கவும் தாமதமாகும். பழி உளுந்தின் மேல் போகும். கல்லுப்பு என்றால் வேறு கணக்கு. கல் பெரிதாக இருந்தால் ஸ்பூனில் இடைவெளி விழுந்து எடை குறையும். உப்பையாவது கிராமில் கொடுங்கள்.

புளி இன்னும் மோசம். ‘எலுமிச்சை அளவு’ என்பதை அமுக்கி உருட்டினால் 40 கிராம்வரை போகும். கொட்டையும் நாருமாக உதிரியாகக் கிள்ளி எடுத்தால் அதில் பாதிதான். பழம்புளி கறுத்திருக்கும், புதுப்புளி வெளுத்திருக்கும் என்பதால் கரைசலின் நிறத்தைப் பார்த்தும் புளிப்பைச் சொல்ல முடியாது. நாலு பேருக்கு வற்றல் குழம்பு என்றால், கொட்டையும் நாரும் நீக்கிய புளி 30 கிராம், வெந்நீரில் கால் மணி நேரம் ஊறல், மொத்தம் அரை லிட்டர் கரைசல் என்று எழுதினால் புதிதாகச் சமைப்பவருக்கும் தடுமாற்றம் வராது.

மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ சமையல் புத்தகம் 1951இல் வெளிவந்தபோது கடையிலும் வீட்டிலும் கொள்ளளவுக்குப் படி, ஆழாக்கும் எடைக்குப் பலம், வீசையும்தான் புழங்கின. ஊருக்கு ஊர் படி கொஞ்சம் மாறினாலும், படியில் எட்டில் ஒன்று ஆழாக்கு என்பது எல்லோருக்கும் தெரியும். அளக்க ஒரு ஆழாக்கும் அடுக்களையில் இருந்தது. இன்றைய ‘கப்’புக்கு அப்படி ஒரு பாத்திரம் பல வீடுகளில் கிடையாது.

அளந்து சமைத்தால் கைப்பக்குவம் போய்விடும் என்பார்கள். கைப்பக்குவம் பலமுறை செய்து பழகிய கைக்கு வருவது. முதல் தடவை செய்பவருக்கு அளவுதான் துணை. நேரம் மட்டும் விதிவிலக்கு. ‘இரவு முழுவதும் புளிக்க விடவும்’ என்று போடாதீர்கள். சித்திரையில் சென்னையில் 7 மணி நேரத்தில் பொங்கும் மாவு, மார்கழியில் கொடைக்கானலில் 14 மணி நேரமானாலும் அசையாமல் கிடக்கும். மாவு ஏறக்குறைய இரு மடங்காகி, ஓரத்தில் கரண்டியால் கோதினால் உள்ளே குமிழ் குமிழாகத் தெரிய வேண்டும் என்று அடையாளம் சொல்லுங்கள்.

வாசகர்களுக்கும் ஒன்று. வீட்டு டம்ளரின் அளவு தெரிய தராசு தேவையில்லை. அரை லிட்டர் பால் பாக்கெட்டைப் பிரித்து விளிம்புவரை ஊற்றிப் பாருங்கள். 3 டம்ளர் நிரம்பி, மூன்றில் ஒரு பங்கு டம்ளர் மிஞ்சினால் அது 150 மி.லி.; 2 நிரம்பி ஒரு வாய் மிஞ்சினால் 240. அதைச் சமையல் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி.