எபொக்சிக்கு ஹாட்னரைக் கூட்டச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டிலேயே பனிச்சறுக்குப் பலகை செய்வது பற்றி உங்கள் ஞாயிறு மலரில் வந்த குறிப்பின் முதற்பகுதியில் மரம், கண்ணாடியிழைத் துணி, உருக்கு விளிம்பு, பொலித்தீன் அடித்தகடு என்ற அடுக்கு ஒழுங்கு சரியாகவே இருக்கிறது. ரெசினையும் அதை இறுகவைக்கும் ஹாட்னரையும் கலந்து இந்த அடுக்குகளை ஒட்டும் பசையான எபொக்சி பற்றிய பத்திதான் பனி விழும் ஊருக்கு எழுதியது. அங்கே கராஜுக்குள் 10, 12 பாகை குளிரில் ரெசின் தேன்போலத் தடித்து நிற்கும். சுடுநீரில் வைத்து இளக்கச் சொல்வதில் நியாயம் உண்டு. கொழும்பில் யாரும் பனிச்சறுக்கப் போவதில்லை. ஆனால் பொல்கொட வாவிக்கு நீர்ச்சறுக்குப் பலகையோ அறுகம்பைக்கு அலைச்சறுக்குப் பலகையோ இதே முறையில் செய்ய நினைப்பவர்கள் இருப்பார்கள். ஏற்கெனவே 31 பாகையில் இருக்கும் ரெசினை மேலும் சூடாக்கினால், துணியை விரித்து முடிக்கமுன்னே கிண்ணம் புகையத் தொடங்கிவிடும்.

அதைவிடப் பாரதூரமானது ‘இறுகத் தாமதமானால் ஹாட்னரைச் சற்றுக் கூட்டலாம்’ என்ற வரி. இது பைபர் படகு செய்யும் பட்டறைப் பழக்கம். அங்கே பாவிப்பது பொலியெஸ்டர் ரெசின். அதில் விடும் திரவம் 1 முதல் 2 சதவீதம்தான், வேலையைத் தொடக்கிவைப்பதற்கு மட்டும். வெயில் நாளில் குறைப்பார்கள், மழை நாளில் கூட்டுவார்கள். எபொக்சியின் ஹாட்னர் அப்படியல்ல. அது ரெசினோடு மூலக்கூறுக்கு மூலக்கூறு பிணைந்து, இறுகிய பொருளின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. கூட்டினால், துணை கிடைக்காத ஹாட்னர் உள்ளே எஞ்சி நின்று பலகையை மெத்தென்று ஆக்கும். வேகம் வேண்டுமானால் வேகமான ஹாட்னர் வாங்க வேண்டும். அளவில் கைவைக்கக் கூடாது.

அளவிலும் ஒரு பொறி இருக்கிறது. தகரத்தில் ரெசினுக்கும் ஹாட்னருக்கும் 2:1 என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் கனவளவு. ரெசினைவிட ஹாட்னர் இலேசானது என்பதால், அதே கலவை நிறையில் ஏறத்தாழ 100:43 ஆகும். அதை அறியாமல் தராசில் 100:50 என்று நிறுத்தால் ஹாட்னர் 16 சதவீதம் கூடிவிடும். சரியான நிறை விகிதத்தைத் தயாரிப்பாளரின் தாளில் பார்த்துக்கொள்ளவும். வகைக்கு வகை மாறும். 30 கிராம் போன்ற சிறு கலவைக்குச் சமையலறைத் தராசு போதாது, 0.1 கிராம் காட்டும் தராசு வேண்டும். இரண்டு நிமிடம் கலக்கி, பக்கத்தையும் அடியையும் வழித்து, வேறு கிண்ணத்துக்கு மாற்றி மீண்டும் கலக்கவும். பலகையில் அங்குமிங்கும் பிசுக்குத் திட்டுகள் நின்றால், அது முதற்கிண்ணத்தின் சுவரில் ஒட்டியிருந்த கலக்காத ரெசின்தான்.

தகரத்தில் எழுதியிருக்கும் வேலை நேரம், அதாவது கலந்தது இறுகத் தொடங்குமுன் கிடைக்கும் நேரம், வழக்கமாக 25 பாகைக்கு உரியது. பத்துப் பாகை ஏற அது பாதியாகும் என்பது பட்டறைக் கணக்கு. 30 நிமிடம் என்றிருந்தால் நம் பகல் வெக்கையில் 20 நிமிடம்தான். ஆழமான கிண்ணத்தில் அதுவும் கிடைக்காது, தன் சூட்டைத் தானே ஏற்றிக்கொள்ளும். 150, 200 கிராமுக்கு மேல் ஒரு தடவையில் கலக்காமல், கலந்ததும் தட்டையான தட்டில் ஊற்றி வைத்தால் சூடு பரவி ஆறும். புகைந்துவிட்டால் கிண்ணத்தை வெளியே சீமெந்துத் தரையில் வைத்துவிட்டு விலகி நிற்கவும். குப்பைத்தொட்டியில் போட்டால் தீப்பிடிக்கலாம்.

இனி ஈரம். இங்கே மாலையில் பூசிய பூச்சின்மேல் காலையில் மெழுகுபோல ஒரு படலம் நிற்கும். ஹாட்னர் காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமிலவாயுவோடும் சேர்ந்து உண்டாக்குவது அது. அதன்மேல் அடுத்த பூச்சைப் பூசினால் தோலாக உரிந்து வரும். தின்னரால் துடைத்தால் பரவும். வெறும் தண்ணீரும் பச்சை நிறப் பாத்திரம் தேய்க்கும் பஞ்சும் போதும். கழுவி உலர்த்திய பிறகே சாண்ட்பேப்பர் போட வேண்டும், முதலில் தேய்த்தால் படலத்தை உள்ளே அழுத்துகிறீர்கள்.

குளிரூட்டிய அறையில் வேலை செய்வது நல்லதுதான், 25 பாகைக்குக் கீழே இறக்காதவரை. கொழும்புக் காற்றிலுள்ள ஈரம் 24 பாகையளவிலேயே நீர்த்துளியாகப் படியத் தொடங்கும். 20 பாகையில் வைத்த மரத்தையும் தகரத்தையும் வெளியே கொண்டுவந்தால் குளிர்பானப் போத்தல்போல வியர்க்கும். மரத்தின் ஈரப்பதனும் இங்கே 14, 15 சதவீதத்தில் நிற்கிறது. சில வாரம் குளிரூட்டிய அறையில் அடுக்கிவைத்து 12க்குக் கீழே கொண்டுவந்த பிறகு ஒட்டவும். வெறும் மரத்துக்கு முதற்பூச்சைப் பிற்பகலில், சூடு இறங்கும்போது பூசவும். காலையில் பூசினால் மரத்துக்குள் இருக்கும் காற்று சூட்டில் விரிந்து குமிழ் குமிழாக வெளியேறும்.

மறுநாள் நகம் பதியவில்லை என்பதற்காக வேலை முடிந்துவிட்டதாக எண்ணக் கூடாது. அறைச் சூட்டில் இறுகிய எபொக்சி பொதுவாக 50, 60 பாகையில் இளகத் தொடங்கும். நண்பகலில் காரின் கூரைமேல் கட்டிய கறுப்புப் பலகை அந்தச் சூட்டைத் தாண்டும், வளைவு போய்விடும். ஆகவே கிண்ணத்தில் தவிர்த்த சூட்டை இப்போதுதான் கொடுக்க வேண்டும். ஒட்டுப்பலகைப் பெட்டிக்குள் உள்ளே அலுமினியத் தாள் ஒட்டி, பழைய 100 வாற்று இழைமின்குமிழ் இரண்டு மாட்டினால் போதும். மணிக்குப் பத்துப் பாகையாக ஏற்றி, 55இல் ஏழெட்டு மணி நேரம் வைக்கவும். வெப்பமானியின் முனை காற்றில் தொங்காமல் பலகையைத் தொட்டு இருக்க வேண்டும். இடையில் மின்வெட்டு வந்தால் கவலையில்லை, வந்தபின் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கூரையில் வெயிலில் போடுவது வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் சூடாகிப் பலகை முறுக்கும். பலகைக்கு வளைவு கொடுக்கும் அச்சோடு இறுக்கியபடியே ஆறவிடவும். உங்கள் குறிப்பிலுள்ள பொலித்தீன் அடித்தகடு, கண்ணாடியிழை அடுக்கைவிடப் பத்து மடங்களவு கூடுதலாக விரிவது. சூட்டோடு கழற்றினால் அது சுருங்கும்போது முழுப் பலகையையும் இழுத்துக்கொள்ளும்.

ஏற்கெனவே கலந்து, மூன்று நாளாகியும் பிசுபிசுப்பாக வைத்திருப்பவர்கள் முதலில் 50 பாகையில் நாலு மணி நேரம் சூடுகாட்டிப் பார்க்கட்டும். ஆறியபின் நகம் பதியாவிட்டால் தப்பியது. பதிந்தால் அளவு பிழை. அதற்குமேல் எந்தப் பூச்சும் உதவாது, சுரண்டி எடுக்க வேண்டியதுதான். கையுறை போட்டுக்கொள்ளவும், தோலில் பட்டதைச் சவர்க்காரத்தால் கழுவவும். தின்னர் அதைத் தோலுக்குள் கொண்டுபோகும். இரண்டாம் பகுதி அச்சுக்குப் போகுமுன் அந்த ஹாட்னர் வரியைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், கொழும்பு 13