முதியோர் தலைவலியைத் தள்ளிப்போட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

முதியோர் நலம் பற்றிய உங்கள் ஞாயிறு கட்டுரையில் இனிப்புநீர், இரத்தக் கொதிப்பு எல்லாம் வந்தன. நெற்றிப்பொட்டு இரத்தக்குழாய் அழற்சி மட்டும் விடுபட்டது. பெரும்பாலும் 50 வயதைத் தாண்டியவர்களுக்கே வரும் இந்நோய், கண்ணுக்குப் போகும் இரத்தத்தை அடைத்துத் திடீரெனப் பார்வையைப் பறித்துவிடும். பால்மரம் சீவியே எங்களை வளர்த்த அம்மாவுக்குச் சீப்பு பட்டாலே தலை வலித்தது. முறுக்கைக் கடித்தால் தாடை இழுத்தது. பல்வலி என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள், இரண்டு முறை. மூன்றாம் வாரம் வலக்கண் போனது. அப்புறம்தான் இந்நோய் என்று கண்டு, அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்து கொடுத்தார்கள்; இடக்கண்ணாவது மிஞ்சியது.

அந்த மருந்தால் சர்க்கரை ஏறும், சரி. ஆனால் அதைக் கட்டுப்படுத்தலாம். தோட்டப்புறக் கிளினிக்குகளில், வயதானவர் புதிதாகத் தலைவலி, தாடைவலி என்று வந்தால் அன்றே, உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். இரத்தச் சோதனை எடுக்கட்டும். சந்தேகம் வலுத்தால் இரத்தக்குழாயில் சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் திசுச் சோதனைக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்கட்டும்.

வாசகி, சுங்கை சிப்புட்