முதலில் எண்ணிக்கையைக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனைச் செவிலியர்கள் நோயாளிகளிடம் எரிந்து விழுகிறார்கள், அவர்களுக்கு நன்னடத்தைப் பயிற்சி தர வேண்டும் என்று வாசகர் ஒருவர் உங்கள் இதழில் எழுதியிருந்தார். அவர் பட்ட வேதனை உண்மை. அம்மாவை அட்மிட் செய்துவிட்டுக் கலங்கி நிற்கும் பிள்ளையிடம் முகங்கொடுத்துப் பேசாதது தவறுதான். ஆனால் இதற்கு மருந்து பயிற்சி வகுப்பு என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அரசு மருத்துவமனைகளில் செவிலியராகவும், பிறகு செவிலியர் கண்காணிப்பாளராகவும் இருந்து ஓய்வுபெற்றவள் நான்.

அந்த இரவு அந்த வார்டில் எத்தனை நோயாளிகள், எத்தனை சிஸ்டர்கள் என்று யாராவது கேட்டார்களா? மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் 3 நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்ற மருத்துவமனைகளில் 5 பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர். நான் பார்த்த மெடிக்கல் வார்டுகளில் நைட் டியூட்டியில் நாற்பது, ஐம்பது பேருக்கு ஒரே சிஸ்டர் நிற்பது சாதாரணம். டெங்கு சீசனில் கட்டில்களுக்கு நடுவே பாய் விரித்தும் ஆட்கள் படுத்திருப்பார்கள். ஒருவருக்கு நரம்பு கிடைக்காமல் கையைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே, "சிஸ்டர், டிரிப் முடிஞ்சிருச்சு" என்று கோடியிலிருந்து குரல் வரும். அதற்குள் புது அட்மிஷன் ஸ்ட்ரெச்சரில் வந்து நிற்கும். விடிவதற்குள் கேஸ் ஷீட், ரிப்போர்ட் புத்தகம், மருந்து கேட்டு அனுப்பும் இன்டென்ட் எல்லாம் எழுதி முடித்தாக வேண்டும். பாத்ரூம் போக நேரமிருக்காது என்பதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருந்து, நீர்க்கடுப்போடு அலைந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

உடல் களைப்பையாவது தூங்கி எழுந்தால் சமாளித்துவிடலாம். மனத்தை அரிப்பது வேறு. பக்கவாதம் வந்து அசைவின்றிக் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பது முதலாண்டு மாணவிக்கே தெரியும். ஐம்பது பேருக்கு ஒருத்தியாக நின்றால் அதைச் செய்ய முடியாது. சில நாளில் இடுப்புக்குக் கீழே ஒரு சிவப்புத் தெரியும். விரலால் அழுத்திப் பார்த்தால் வெளுக்காது. படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று அப்போதே புரிந்துவிடும். யாரும் நம்மைக் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் இது வராமல் தடுத்திருக்கலாம் என்று நமக்குத் தெரியும். இப்படி ஒன்றல்ல, மாதாமாதம் பார்த்துக்கொண்டே இருந்தால், அந்தப் பக்கம் திரும்பாமலே நடக்கப் பழகிவிடுகிறோம். வாசகர் பார்த்த சிடுசிடுப்பு அதற்குப் பிறகு வருவது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் இந்தப் பணிச் சோர்வுக்குச் சொன்ன அடையாளங்களும் இவையே: சக்தியெல்லாம் வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகி அதன்மேல் கசப்பு வருவது, செய்யும் வேலை உருப்படியாக இல்லை என்று தோன்றுவது. நோயாளிகளின் உயிரும் இதில் அடங்கியிருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனைகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களை வைத்து லிண்டா எய்கனும் அவர் குழுவினரும் செய்த ஆய்வு 2002இல் வெளியானது. ஒரு செவிலியரின் பொறுப்பில் கூடுதலாக ஒரு நோயாளி சேர்ந்தால், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும், செவிலியர் சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதமும் கூடுவதாக அதில் கண்டார்கள். ஒரே ஒரு நோயாளி கூடினால் இவ்வளவு! நம் வார்டுகளை நினைத்துப் பாருங்கள்.

இதற்கு மேல், நாளை வேலை இருக்குமா என்ற பயம். தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015இல் தேர்வு வைத்து எடுத்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்கள், மாதம் ரூ.7,700 தொகுப்பூதியத்தில் சேர்ந்தார்கள். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்று நம்பி வந்தவர்கள், 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை தலைமை அலுவலகங்கள் உள்ள டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. கொரோனாவில் நாம் கதவைச் சாத்திக்கொண்டிருந்தபோது கவச உடைக்குள் வியர்த்து நின்ற தற்காலிகச் செவிலியர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பணி 2022 டிசம்பர் 31உடன் முடிந்தது. அவர்களைத் தேவதைகள் என்றவர்கள் நாம்தான்.

தனியார் மருத்துவமனைகளின் நிலை இன்னும் மோசம். உச்ச நீதிமன்றத்தின் 2016ஆம் ஆண்டு உத்தரவுப்படி தனியார் செவிலியர்களின் ஊதியத்தை ஆராய அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான சிறிய மருத்துவமனையில்கூட மாதச் சம்பளம் ரூ.20,000க்குக் குறையக் கூடாது என்றது. கேரளச் செவிலியர்கள் போராடி 2018இல் அதை அரசாணையாகவே வாங்கினார்கள். இங்கே என்னிடம் வேலை கற்ற பிள்ளைகள் சிலர் அதில் பாதிக்கு வேலை பார்க்கிறார்கள். மற்றவர்கள் வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.யின் பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டு லண்டனுக்கோ வளைகுடாவுக்கோ கிளம்பக் காத்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

சம்பளத்தை உயர்த்தினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. சர்க்கரைப் புண்ணோடு வந்தவருக்குத் தினம் டிரெஸ்ஸிங் செய்து, காலை வெட்டி எடுக்காமலே அவர் நடந்து வீட்டுக்குப் போவதைப் பார்க்கும் நிறைவு வேறு எந்த வேலையில் கிடைக்கும்? எங்களை இத்தனை காலம் பிடித்து வைத்திருந்தது அதுதான். படித்த வேலையை ஒழுங்காகச் செய்ய விட்டால் போதும், பெரும்பாலான செவிலியர்கள் சந்தோஷமாகவே செய்வார்கள்.

அரசுக்கு என் கோரிக்கை இதுதான். காலிப் பணியிடங்களை ஒப்பந்தத்தில் இல்லாமல், நிரந்தரப் பணிக்குரிய காலமுறை ஊதியத்தில் நிரப்புங்கள். நைட் டியூட்டியில் எந்தப் பொது வார்டிலும் ஒரு செவிலியர் தனியாக நிற்கக் கூடாது என்று ஆணையிடுங்கள். கூடவே செலவில்லாத ஒன்றையும் உடனே செய்யலாம். இங்கிலாந்தில் 2014 முதல் மருத்துவமனைகள் வார்டு வாரியாகச் செவிலியர் எண்ணிக்கையை மக்களுக்கு வெளியிட்டாக வேண்டும். அதுபோல நம் ஒவ்வொரு வார்டு வாசலிலும் ஒரு கரும்பலகை வைத்து, ஷிப்ட் தோறும் இன்றைய நோயாளிகள் எத்தனை, பணியில் உள்ள செவிலியர் எத்தனை, இருக்க வேண்டியவர் எத்தனை என்று எழுதச் சொல்லுங்கள். ஆய்வுக்கு வரும் அமைச்சரும் அதிகாரிகளும் முதலில் அந்தப் பலகையைப் படித்துவிட்டு வார்டுக்குள் வரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர்,
கும்பகோணம்.