ஆவணி நான்காம் தேதி லாரி வருகிறது

மேற்கு மாம்பலம்,
ஆடிப்பெருக்கு

அன்புள்ள செல்விக்கு,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். கோபமாக இருப்பாய். இரு, அதில் நியாயம் இருக்கிறது. நேரில் வந்து திட்டு வாங்கிக்கொள்கிறேன். அண்ணன் சொல்லியிருப்பார், திருநெல்வேலி மகாராஜ நகரில் வீடு பிடித்தாயிற்று. ஆவணி நான்காம் தேதி லாரி வருகிறது. நாற்பது வருடம் கழித்து மறுபடியும் உனக்கு நடந்துபோகிற தூரத்தில் இருக்கப்போகிறேன். மூக்குப்பொடி டீச்சர் இன்னும் அதே வீட்டில்தானே இருக்கிறார்? முதல் ஞாயிற்றுக்கிழமையே போய்ப் பார்க்க வேண்டும்.

இங்கே வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப்போகிறார்கள். எங்கள் தெருவில் இது நான்காவது வீடு. வீட்டுக்காரர் ஆறு மாத அவகாசம் கொடுத்தார், 1999-இல் கொடுத்த முன்பணம் முப்பதாயிரத்தையும் ஒரு ரூபாய் பிடிக்காமல் திருப்பித் தந்துவிட்டார். அவர்மேல் எனக்கு வருத்தமே இல்லை. இருபத்தாறு வருடத்தை ஒரு லாரியில் ஏற்றுவது எப்படி என்பதுதான் மூன்று மாதமாக என் தூக்கத்தைக் கெடுத்தது.

ஆடியிலேயே கிளம்பியிருந்தால் வாடகை குறைந்திருக்கும். ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள், வண்டிகள் சும்மா நிற்கும். "ஆடியில் அடுப்பைப் பெயர்ப்பார்களா?" என்று அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். ஆவணி பிறந்ததும் ஊரே கிளம்புகிறது, விலையும் ஏறிவிடுகிறது.

நான்கு கம்பெனிகளிடம் விசாரித்தேன். முதல் ஆள் போனிலேயே இரண்டு நிமிடத்தில் இருபத்து நான்காயிரம் என்றார். எத்தனை அறை, எத்தனை பீரோ என்றுகூடக் கேட்கவில்லை. என் கணவருக்கு ஒரே சந்தோஷம், அன்றே முன்பணம் அனுப்பிவிடலாம் என்றார். நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன். காரணம், கீழ்வீட்டில் இருந்தவர்களுக்குப் போன வருடம் நடந்தது. மதுரைக்குப் பதினெட்டாயிரம் என்று பேசினார்கள். சாமான் ஏறும்வரை தேன் மாதிரிப் பேச்சு. லாரி கிளம்பியபின் இரண்டு நாள் டிரைவரின் போன் வேலை செய்யவில்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டு, எடை அதிகம், ஈ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டியில் எடுக்கிற சீட்டு) போட வேண்டும், டோல் தனி என்று இன்னும் பதினாலாயிரம் கேட்டார்கள். கொடுத்தால்தான் வண்டி ஊருக்குள் வரும் என்றார்கள். குழந்தையின் பள்ளிக்கூடப் புத்தகங்கள் அந்த லாரியில் இருந்தன. கொடுத்தார்கள், வேறென்ன செய்வார்கள்? வீட்டில் புழங்கிய சாமான்களுக்கு ஈ-வே பில்லே தேவையில்லை, செல்வி. அது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஒருவருடைய சட்டி பானை, பாய் தலையணை எல்லாவற்றையும் பிணையாக வைத்துப் பணம் கேட்பவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு பதறுகிறது.

இரண்டாமவர் முப்பத்து மூன்றாயிரம். ஆனால் பங்கு லாரி. மாதவரம் பக்கம் ஒரு கிடங்கில் நம் சாமானை இறக்கி, இன்னும் இரண்டு வீட்டுச் சாமான்களோடு சேர்த்து ஏற்றி, மதுரையில் வேறு வண்டிக்கு மாற்றுவார்களாம். வீட்டில் ஏற்றி வீட்டில் இறக்கினால் போதும் என்கிறபோது நடுவில் இரண்டு தடவை கை மாறுகிறது. ஓடும்போது உடைவதைவிட ஏற்றி இறக்கும்போது உடைவதுதான் அதிகம். உன் மாமியாரின் ஊறுகாய் ஜாடி உனக்கு நினைவிருக்குமே, அதற்குமேல் நான் சொல்லவேண்டியதில்லை. மூன்றாமவர் வருகிறேன் வருகிறேன் என்று வரவே இல்லை.

நான்காவதாக வந்தவர் ஐம்பது வயதுக்காரர், கையில் ஒரு கோடுபோட்ட நோட்டு. ஒவ்வொரு அலமாரியையும் திறக்கச் சொல்லிப் பார்த்தார். ஏணி கேட்டு வாங்கிப் பரணில் ஏறினார். நாங்களே மறந்துபோன ஊஞ்சல் பலகையும் ஆச்சியின் இட்லிக் கொப்பரையும் அங்கிருந்துதான் வெளியே வந்தன. கிரைண்டர் கல்லைத் தனியாக எடுத்துச் சாக்கில் சுற்ற வேண்டும், பிரிட்ஜை முதல்நாளே அணைத்து ஈரம் துடைத்து வைக்க வேண்டும், இன்வெர்ட்டர் பேட்டரியைச் சாய்க்கவே கூடாது, கேஸ் சிலிண்டரை லாரியில் ஏற்ற மாட்டோம், ஏஜென்சியில் ஒப்படைத்துச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று வரிசையாகச் சொன்னார். நாற்பத்தோராயிரம், வரி தனி. நமக்கு மட்டும் ஒரு பதினேழு அடி லாரி. இங்கே ஏற்றுகிற நான்கு பேரில் இரண்டு பேர் வண்டியோடே வந்து அங்கே இறக்குவார்கள். பரணில் ஏறிப் பார்த்த மனிதரிடம்தான் வேலையைக் கொடுப்பது என்று நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன். என் கணவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், பிறகு சரியாகிவிட்டார்.

வக்கீலுக்குப் படித்த என் பெரியம்மா மகனிடமும் கேட்டேன். லாரிக்காரர்களுக்கென்று 2007-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறதாம். பொருளின் மதிப்பைத் தனியே எழுதிக் கொடுக்காவிட்டால், சேதத்துக்கு அவர்கள் பொறுப்பு வாடகையைப் போலப் பத்து மடங்குவரைதான். அதனால் பில்லில் வாடகையைக் குறைத்துக் காட்ட விடாதே என்றான். எதாவது உடைந்தால் பதிவு செய்த நாளிலிருந்து நூற்றெண்பது நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டுமாம், வாயால் சண்டை போட்டுப் பயனில்லை. இன்ஷூரன்ஸ் என்று பணம் வாங்கினால் நம் பெயரில் பாலிசி காகிதம் வருகிறதா என்று பார்க்கச் சொன்னான். எல்லாவற்றையும் நோட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, எழுதிக் கொடுத்தார். உன் மகன் அடுத்த வருடம் பெங்களூருக்கு மாறும்போது இதையெல்லாம் அவனிடம் சொல்.

இப்போது உன்னிடம் ஒரு வேலை. லாரி கூண்டோடு பதினோரு அடி உயரம் இருக்கும் என்றார். அந்தத் தெருவில் கேபிள் ஒயர்கள் தாழத் தொங்குவதை வீடு பார்க்க வந்தபோதே கவனித்தேன். லாரி உள்ளே நுழையாவிட்டால் தெருமுனையில் நிறுத்தி, குட்டி யானை பிடித்துச் சாமானை மாற்ற வேண்டும். அந்த மாற்றலுக்குப் பயந்துதானே எட்டாயிரம் கூடக் கொடுக்கிறேன். ஆகவே அண்ணனை ஒரு மூங்கில் கம்பில் பதினோரு அடி அளந்து, நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு தெருமுனையிலிருந்து வாசல்வரை நடக்கச் சொல். அளவு விஷயத்தில் அவர் எப்படிப்பட்டவர் என்று உங்கள் கல்யாணப் பந்தலிலேயே பார்த்துவிட்டோம், இருந்தாலும் நீயும் கூடப் போ.

மூன்றாம் தேதி இரவு லாரி கிளம்பும். நாங்கள் அன்றைக்கே எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸ் பிடிக்கிறோம். உப்பும் மஞ்சளும் குத்துவிளக்கும் அம்மாவின் மடியில்தான் வரும், லாரியில் ஏற்றச் சம்மதிக்கவில்லை. காலையில் பால் காய்ச்சிவிடுவோம். பிற்பகலுக்குள் லாரி வந்துவிடும். வருகிறவர்களுக்குச் சாப்பாடு நீ செய்யாதே, கடையில் வாங்கிக்கொள்ளலாம். ராத்திரி முழுக்க வண்டியில் வந்து பீரோ தூக்கப்போகிறவர்கள், இலைச் சாப்பாடாக இருக்கட்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. இதைச் சொல்லத்தான் கடிதமாகவே எழுதுகிறேன், போனில் சொன்னால் அம்மா கேட்டுக்கொண்டிருப்பாள்.

பெட்டிகளின்மேல் எந்த அறைக்குப் போக வேண்டும் என்று எழுதி வைத்தால் இறக்குவது சுலபம் என்று நோட்டுக்காரர் சொன்னார். அம்மாவுக்குக் கையெழுத்து இன்னமும் முத்து முத்தாக வரும், அந்த வேலையை அவளிடம் கொடுத்தேன். நான்கு நாளாக உட்கார்ந்து எழுதினாள். நேற்று இரவு அடுக்கி வைத்தபோதுதான் படித்தேன். 'முற்றம்' என்று ஆறு பெட்டி. 'ரெண்டாங்கட்டு' என்று நான்கு. தாமிரக் குடங்களும் தோண்டியும் இருக்கிற பெட்டியில் 'கிணற்றடி'. மகாராஜ நகர் வீட்டில் ஒரு ஹால், இரண்டு அறை, பின்னால் துணி காயப்போடுகிற இடம், அவ்வளவுதான். அவள் எழுதியிருப்பது தெற்குக் கடைவீதிக்குப் பின்னால் இருந்த எங்கள் பழைய வீடு. 1987-இல் அப்பா விற்ற வீடு. இப்போது அங்கே ஜவுளிக்கடை இருக்கிறது என்பது உனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும் என்றுதான் நேற்றுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். "கிணற்றில் இப்போது தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் கிடக்கும்?" என்று இன்று காலை புளியோதரை கிளறிக்கொண்டே கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. சமையலறையை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

எண்பத்து நான்கு வயது. டாக்டரிடம் காட்ட வேண்டும், அங்கே வந்ததும் காட்டுகிறேன். பெட்டிகளில் அவள் எழுதியதை நான் அழிக்கவில்லை. எழுதியது எழுதியபடியே வரும்.

லாரிக்காரர்கள் "முற்றம் எங்கே அம்மா?" என்று கேட்பார்கள். அந்த நேரம் நான் வாசலில் பட்டியலை வைத்துக்கொண்டு எண்ணிக்கை சரிபார்த்துக்கொண்டிருப்பேன். நீ உள்ளே அம்மாவோடு இரு. முற்றத்துப் பெட்டிகளை ஹாலில் வைக்கச் சொல், ரெண்டாங்கட்டை ஜன்னல் பக்கத்து அறையில். கிணற்றடிப் பெட்டி பின்புறம், குழாய்க்குப் பக்கத்தில். அம்மா கேட்டால் என்ன சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. உனக்கு ஏதாவது தோன்றினால் மூன்றாம் தேதிக்குள் எழுது.

அன்புடன்,
உன் மீனா