1982-க்கு முந்தைய பம்புகளின் உதிரி பாகங்கள் குறித்து

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

"ரெண்டும் ஒரே மாடல், ஒரே அஞ்சு எச்.பி. ஒண்ணோட பேரிங் இன்னொண்ணுல உக்கார மாட்டேங்குது. என்னங்க வேலை இது?" என்று உடுமலைப் பக்கத்து விவசாயி ஒருவர் போன வாரம் கடையில் சத்தம் போட்டுவிட்டுப் போனார். குறை எங்களுடையதுதான். அது எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறோம்.

எங்கள் அப்பாரு (தாத்தா) 1954-ல் கோவை சிங்காநல்லூரில் பம்புப் பட்டறை போட்டபோது ஆர்டர் குவிந்தது, சரக்குதான் கிடைக்கவில்லை. 1957-ல் அந்நியச் செலாவணி கரைந்து இறக்குமதிக்குக் கடிவாளம் விழுந்தது. மோட்டாரில் சுற்றும் செம்பு பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியது. இரும்பு உருக்குக்கு ரயில் கட்டணத்தைச் சமன்செய்து நாடெங்கும் ஒரே விலை வைத்திருந்தார்கள். உருக்காலை இருக்கும் ஜாம்ஷெட்பூருக்கு இவ்வளவு தள்ளியிருக்கும் நமக்கு அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த விலைக்குச் சரக்கு வந்து சேரவேண்டுமே! அரசு ஒதுக்கிய கோட்டா தீர்ந்த மாதம் உடைசல் இரும்பை உருக்கி வார்த்தார்கள். பேரிங் எந்த அளவில் கிடைத்ததோ, அதற்குத் தக்கபடி ஷாஃப்டை (சுழலும் தண்டை) கடைந்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. 1951-ஆம் வருடத் தொழில் சட்டத்தில், மின்சாரத்தில் ஓடும் பட்டறையில் 50 பேர் சேர்ந்துவிட்டால் அது தொழிற்சாலைக் கணக்கு. பிறகு லைசென்சுக்கு டெல்லியைப் பார்க்கவேண்டியிருந்தது. 1960-ல் சிறு தொழில்களுக்கு விலக்கு வந்தது. அதற்குள் அப்பாரு 48 ஆளோடு நிறுத்திக்கொண்டு, சின்ன அப்பாரு (அவருடைய தம்பி) பெயரில் இரண்டாவது பட்டறை போட்டுவிட்டார். அது பெரிய சாமர்த்தியம் என்பார்கள் எங்கள் வீட்டில். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இங்கே ஒரு பேட்டர்ன் (வார்ப்புக்கான மாதிரி), அங்கே ஒரு பேட்டர்ன். இரண்டின் மேலும் ஒரே பெயர்ப்பலகை. உங்கள் பம்பு பொருந்தாமல் போனதற்குச் செலாவணியைவிட இதுவே பெரிய காரணம். 1982-ல் பட்டறைகளை ஒன்றாக்கிய பிறகுதான் அளவும் ஒன்றானது.

ஆகவே பழைய பம்புக்கு மாடல் பெயரை மட்டும் சொல்லி, போனில் பாகம் கேட்கவேண்டாம். ஷாஃப்டும் இம்பெல்லரும் (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) கடைக்கு வந்தால் வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து, இடைவெளிக்கேற்ற புஷ் (வளையம்) கடைந்து பொருத்தித் தருகிறோம். கடைசல் கூலி எங்கள் பொறுப்பு. பேரிங் விலை மட்டும் உங்களுடையது. உடுமலைக்காரர் இதைப் படித்தால் இரண்டு பம்பையும் கொண்டுவரட்டும்.

இப்படிக்கு,
பட்டறையின் மூன்றாம் தலைமுறை