நம்ம ப்ரொக்ஸி புது வெர்ஷனுக்கு கை குடுத்த எல்லாருக்கும் நன்றி

ஹட்டன்ல இருந்து எழுதுறேன். ஆளுங்களுக்கும் சேர்வர்களுக்கும் நடுவுல நின்னு ரிக்குவெஸ்ட்ட வாங்கிக் குடுக்கிற நம்ம ஓப்பன் சோர்ஸ் ப்ரொக்ஸியோட புது வெர்ஷன் வெளியாயிருச்சு, வர்ற வேலைய பல சேர்வருக்கு பங்கு போட்டுக் குடுக்கிற லோட் பலன்ஸர் பக்கம் ரொம்ப நாளா எல்லாரும் கேட்டுக்கிட்டிருந்த மூணு விஷயமும் உள்ள வந்துருச்சு. ப்ரொக்ராம்ல சேக்குற திருத்தம், அதாவது பேட்ச், ஒவ்வொண்ணுலயும் எழுதுனவங்க பேரு ஒண்ணுதான் இருக்கும், ஆனா அந்த ப்ரொக்ராம் கோடு அந்த எடத்துக்கு வந்து சேர எத்தன பேரு தூக்கம் முழிச்சாங்கன்னு எனக்குத் தெரியும், அதனால பேரு வராதவங்களுக்குத்தான் இந்த மடல்ல முதல் எடம்.

மஸ்கெலியா அண்ணே, உங்ககிட்ட இருந்துதான் ஆரம்பிக்கணும். அண்ணன் ஓஎல் பரீட்ச எழுதுற புள்ளைங்களுக்கு பாஸ்ட் பேப்பர் குடுக்கிற சைட்ட நம்ம ப்ரொக்ஸிக்கு பின்னால வச்சு நடத்துறாரு, ப்ரொக்ஸியோட செட்டிங் ஃபைல், அதாவது கொன்ஃபிக், மாத்தி ரீலோட் பண்ற நேரமெல்லாம் சில புள்ளைங்களுக்கு கனெக்ஷன் அறுந்து போகுதுன்னு சொன்னாரு. மலைப்பக்கம்னா உடனே சிக்னல் சரியில்லன்னுதான் சொல்லுவாங்க, அப்பிடித்தான் நெறய பேரு சொன்னாங்க, அவரு ஒத்துக்கல. நெட்வேர்க்ல போற வர்றத பதியிற டிசிபிடம்ப் டூல போட்டு ராத்திரி ராத்திரியா பாக்கெட்ட புடிச்சு, ரீலோட் நடக்குற அதே நொடியில கனெக்ஷன அறுக்குற ரீசெட் நம்ம சேர்வர்ல இருந்தேதான் போகுதுன்னு காட்டுனாரு. விஷயம் என்னன்னா, லினக்ஸ் 3.9ல இருந்து கனெக்ஷன் வந்து சேர்ற ஒரே போர்ட்ட ரெண்டு ப்ரொசஸ் (ஓடுற ப்ரொக்ராம்) பங்கு போட்டுக்கலாம், ரீலோட்ல பழையதும் புதுசும் அப்பிடித்தான் ஒண்ணா நிக்கிது, ஆனா ரெண்டுக்கும் தனித்தனி கியூ, பழைய ப்ரொசஸ் தன்னோட சொக்கெட்ட, அதாவது கனெக்ஷன் வாங்குற வாசல, மூடுறப்போ ஹேண்ட்ஷேக் (ரெண்டு பக்கமும் கை குலுக்கிறது) முடிஞ்சு இன்னும் ப்ரொக்ஸி கையில எடுக்காம அந்தக் கியூல நிக்கிற கனெக்ஷன் எல்லாம் அப்பிடியே போயிரும். அதுக்கு வழி, சொக்கெட்ட மூடாம, ஒரே மெஷின்ல ப்ரொசஸ் ரெண்டும் பேசிக்கிற யுனிக்ஸ் சொக்கெட் வழியா புது ப்ரொசஸ் கையில குடுத்துர்றது. எச்ஏப்ரொக்ஸிங்கிற இன்னொரு ஓப்பன் சோர்ஸ் ப்ரொக்ஸியோட 1.8 வெர்ஷன், 2017 நவம்பர்ல வந்தது, இதத்தான் செஞ்சுச்சு. அந்தக் கோடு தெறந்து கெடந்ததால நாங்க உக்காந்து படிச்சோம். 2001ல அத வெளியிட்டு இன்னைக்கு வரைக்கும் கூடவே நிக்கிற வில்லி தாரோவுக்கும் அந்தக் கூட்டத்துக்கும் மலையகத்துல இருந்து ஒரு பெரிய நன்றி. இப்ப அண்ணன் பட்டப்பகல்ல ரீலோட் பண்றாரு, ஒரு கனெக்ஷனும் அறுகிறதில்ல.

அடுத்தது பேராதனையில படிக்கிற எங்க தலவாக்கலை தங்கச்சி. கனெக்ஷன் கொறைவா இருக்கிற சேர்வருக்கே அடுத்தத அனுப்புற லீஸ்ட்கொன் முறை நல்ல முறைதான், ஆனா விழுந்த சேர்வர் எழும்பி வர்ற நேரத்துல அதுல கனெக்ஷன் பூஜ்ஜியம், அதனால வர்றதெல்லாம் அது தலையிலயே போய் விழுது, அடிக்கடி கேக்குறத எடுத்து வைக்கிற கெஷ் இன்னும் நெறையல, டேட்டாபேஸ் கனெக்ஷன் இன்னும் தெறக்கல, திரும்ப விழுந்துருது. கொழுந்து நிறுக்கிற எடத்துல புதுசா ஒரு தராசு வச்சா மொத்தக் கூட்டமும் கூடைய தூக்கிக்கிட்டு அங்கயே ஓடுனா எப்பிடி இருக்கும், அந்தக் கததான். தங்கச்சி எழுதுன ஸ்லோ ஸ்டார்ட்ல சேர்வரோட வெயிட், அதாவது அதுக்குப் போற பங்கு, கொஞ்சம் கொஞ்சமா ஏறுது. கோட விட எனக்குப் பெருசா பட்டது அவ எழுதுன டெஸ்ட், சேர்வர் பாதி வழி ஏறிக்கிட்டிருக்கப்பவே மறுபடி ஹெல்த் செக்ல (சேர்வர் உயிரோட இருக்கான்னு பாக்குற சோதனையில) தோத்தா என்ன ஆகணும்னு யோசிச்சு வச்சிருக்கா, அத யாரும் அவகிட்ட கேக்கல.

டயகம, பொகவந்தலாவ பக்கத்து தம்பிமாரே, உங்க மெதுவான லைன்தான் மூணாவது விஷயத்துக்கு டெஸ்ட் லேப். ஒரு புள்ள போன்ல விடைய அனுப்புது, பைட் பைட்டா வருது, அது வந்து முடியிற வரைக்கும் பின்னால சேர்வர்ல ரிக்குவெஸ்ட்ட கவனிக்கிற ஒரு வேர்க்கர் சும்மா காத்துக்கிட்டு நிக்கிது, இப்பிடி கொஞ்சப் பேரு சேந்தா போதும், சேர்வர் மொத்தமும் அடைச்சிரும். இப்ப சின்ன ரிக்குவெஸ்ட்ட ப்ரொக்ஸியே முழுசா வாங்கி வச்சுக்கிட்டு அப்புறம்தான் பின்னால குடுக்குது. காத்திருக்கிற நேரத்த, அதாவது டைம்அவுட்ட, கொறைச்சிட்டா முடிஞ்சிருச்சேன்னு வெளியூர்ல இருந்து ஒரு யோசனை வந்துச்சு, அத நான் கடைசி வரைக்கும் ஏத்துக்கல, ஏன்னா அதுல மொதல்ல வெளிய தள்ளப்படுறது வேணும்னே மெதுவா அனுப்பி சேர்வர முடக்கப் பாக்குறவன் மட்டும் இல்ல, சிக்னல் தேடி லயத்துக்கு மேல ஏறி நிக்கிற நம்ம புள்ளையும்தான். மழையில டவர் தடுமாறுற நேரம் பாத்து டெஸ்ட் ஓட்டி லொக் அனுப்புனீங்களே, அந்த லொக் இல்லாம இத நான் யாருக்கும் புரிய வச்சிருக்க முடியாது.

பண்டாரவளை டீச்சருக்கு, செட்டிங் விளக்கம் பூராவும் தமிழ்ல எழுதித் தந்ததுக்கும், புரியாத எடத்துல எல்லாம் விடாம கேள்வி கேட்டதுக்கும் நன்றி, நீங்க கேட்டதுல ரெண்டு செட்டிங் பேரையே மாத்திட்டோம். கொட்டகலை மாமாவுக்கு, கடைக்கு மேல ரூமும் கரண்ட் போனா இன்வேர்ட்டரும் தந்ததுக்கு. ஒரு பேட்சுல ஒரு விஷயம் மட்டும்தான் இருக்கணும்னு திருப்பித் திருப்பி அனுப்புன ஹப்புத்தளை அக்காவுக்கு ரொம்ப ரொம்ப நன்றி, அந்த நேரம் சில பேருக்கு மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு, ஆனா பிரிச்சு பிரிச்சு வந்ததாலதான் எது எதனால ஒடையுதுன்னு கண்டுபுடிக்க முடிஞ்சுது.

இந்த வெர்ஷன்ல சேராத பேட்ச் அனுப்புனவங்களுக்கும் இதே நன்றிதான். பதுளை தம்பி, ப்ரொக்ஸி பின்னால இருக்கிற சேர்வர் பக்கமும் எச்டிடிபி 2 (வெப் பேசுற முறையோட ரெண்டாவது வெர்ஷன்) பேசுறதுக்கு நீங்க எழுதுனது நல்லா இருக்கு, டெஸ்ட் இல்லாததால மட்டும்தான் நிக்கிது. டெஸ்டையும் சேத்து அனுப்புங்க, அடுத்த வெர்ஷனுக்கு முதல்ல அதத்தான் எடுப்போம், ஹப்புத்தளை அக்காகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்.