பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது

அன்புள்ள பாப்பாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் அப்பாவும் நானும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் உன் மாமியார் மைனியும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். போன் போட்டால் நீ 'ம்', 'சரிம்மா' என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

அறுப்பின் பண்டிகை நல்லபடியாக முடிந்தது. நம் வீட்டிலிருந்து காணிக்கையாகக் கொடுத்த வாழைத்தாரை ஏலத்தில் கடைசியில் அப்பாவே எடுத்து, வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். மற்ற ஊர்க்கதை அப்புறம்.

செல்வி சித்தி தாம்பரத்தில் உன்னைப் பார்த்துவிட்டு வந்தாள். ரொம்ப மெலிந்துவிட்டாய் என்றாள். மறதி நோயால் மைனி ராத்திரியில் எழுந்து கேட்டைத் திறக்கப் போவதால் நீ ஹாலில் கதவோரம் பாய் போட்டுப் படுக்கிறாயாமே. தூங்குகிறாயா? மாப்பிள்ளைக்கு வேலை அதிகம், எனக்குத் தெரியும். ஆனாலும் சனிக்கிழமை ராத்திரியாவது அந்தப் பாயில் அவர் படுக்கலாம். நான் சொன்னதாகச் சொல்லாதே.

கோயிலுக்கும் போவதில்லையாம். பிரசங்க நேரத்தில் மைனி 'வீட்டுக்குப் போவோம்' என்று சத்தம் போட்டார்களாம், முன் பெஞ்சுக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்களாம். பார்க்கட்டுமே! காலமெல்லாம் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த மனுஷி அவர்கள். இந்த மறதி நோயில் காலையில் சாப்பிட்டது மறந்துபோகும், ஆனால் சின்ன வயதில் மனப்பாடம் பண்ணின கீர்த்தனையும் பரமண்டல ஜெபமும் ரொம்ப நாளைக்கு நிற்கும். அப்படிப்பட்டவர்களைக் கோயிலுக்குக் கூட்டிப்போகாமல் இருப்பது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. கடைசிப் பெஞ்சில், பக்கவாசல் ஓரமாக உட்கார். பாட்டு முடிந்ததும் எழுந்து வந்துவிடு. பிரசங்கம் கேட்காததற்கு யாரும் கணக்குக் கேட்கப்போவதில்லை.

இங்கே கீழத்தெரு டீச்சர் வீட்டு சாருக்கும் இதே நோய்தான். முன்னெல்லாம் பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து கூட்டமாகப் போவோம், பாட்டு, ஜெபம், அப்புறம் காபி. 'எது வேணும்னாலும் கேளுங்க டீச்சர்' என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுவோம். டீச்சர் தம்ளர் கழுவிக்கொண்டு நிற்பாள். இப்போது வந்திருக்கிற சபைப் போதகரின் மனைவி, ஐயரம்மாதான் அதை மாற்றினார்கள். வாரத்தில் இரண்டு மத்தியானம், ஆள் மாற்றி ஆள், இரண்டு பேர் போகிறோம். ஒருத்தி சாரோடு உட்கார்ந்து பழைய போட்டோ பார்ப்பாள், இன்னொருத்தி காய் நறுக்கிவைப்பாள். டீச்சர் பேங்குக்குப் போவாளோ, தூங்குவாளோ, அது அவள் இஷ்டம். அந்த வீட்டில் காபி குடிக்கக்கூடாது என்பது சட்டம். நான் பிளாஸ்க் எடுத்துப்போகிறேன். சார் ஒருநாள் வெளியே நடந்துவிட்டார், பைபாஸ் வரைக்கும். அதிலிருந்து வாலிபர் சங்கத்துப் பையன்கள் அவர் போட்டோவை ஆட்டோ ஸ்டாண்டிலும் டீக்கடையிலும் காட்டி வைத்திருக்கிறார்கள். சட்டைக் காலர் உள்பக்கம் போன் நம்பர் எழுதின துணியை டீச்சர் தைத்திருக்கிறாள். மைனிக்கும் நீ தைத்துவிடு, இன்றைக்கே.

முன்னெல்லாம் போதகர் ஐயர் சாருக்கு வீட்டில் வந்து நற்கருணை கொடுக்கும்போது டீச்சர் அடுப்படியில்தான் நிற்பாள். இப்போதைய ஐயர் அவளையும் வந்து உட்காரச் சொல்லிவிட்டுத்தான் ஜெபத்தையே ஆரம்பிக்கிறார். பார்த்துக்கொள்கிறவளுக்கும் அப்பமும் திராட்சரசமும் வேண்டாமா?

சங்கத்துச் செயலாளர் படுக்கையில் இருப்பவர்கள், வெளியே வரமுடியாதவர்கள் பெயரையெல்லாம் எழுதிச் சுகாதார நர்ஸிடம் கொடுத்தார். 2021இல் அரசாங்கம் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவத்தில் சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டிலேயே கொண்டுவந்து தருகிறார்கள். உன் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மைனி பெயரைப் பதிந்துவிடு, ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்கிற நேரமாவது மிச்சமாகும். பெரியவர்களுக்கான உதவி எண் 14567ஐயும் கோயில் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறார்கள். குறித்துக்கொள்.

ஊரில் எல்லாரும் உன்னை, மாமியாரை விட்டுப்போகாத பைபிள் ரூத் என்கிறார்கள். எனக்குப் பெருமைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ரூத்தின் புத்தகத்தை இன்னொரு தரம் வாசி. அவள் ஒருத்தியாகவே மாமியாரைக் காப்பாற்றவில்லை. அவள் பொறுக்கிக்கொள்ளட்டும் என்று அரிக்கட்டிலிருந்து வேண்டுமென்றே சிந்திவிடும்படி வயலுக்குச் சொந்தக்காரன் போவாஸ் தன் வேலைக்காரரிடம் சொன்னான். அவள் வாய்திறந்து கேட்கும்வரை காத்திருக்கவில்லை. சபை என்றால் அப்படி இருக்கவேண்டும். உன் சபை அப்படி இல்லை என்றால், வியாதிப்பட்டால் சபை மூப்பர்களை வரவழைக்கச் சொல்லி பைபிளில் யாக்கோபு எழுதின மாதிரி, அவர்களை நீயே வரவழை. வந்தால் 'ஜெபம் பண்ணுங்க' என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதே. 'செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரெண்டு மணிநேரம் அத்தைகூட யாராவது இருங்க' என்று நாளையும் நேரத்தையும் சொல். கேட்பது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிறாய், அது உன் அப்பா வீட்டுப் புத்தி.

சித்தி இன்னொன்றும் சொன்னாள். மைனியின் மணிக்கட்டில் ஏதோ கன்றியிருந்ததாம். வயதானவர்களுக்குத் தோல் மெலிந்துவிடும் பாப்பா, லேசாகப் பிடித்தாலே கன்றும். உங்கள் ஆச்சிக்கும் அப்படித்தான் இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. நானும் உங்கள் ஆச்சியைக் குளிப்பாட்டினவள்தான். குளிக்கமாட்டேன் என்று அடம்பிடித்தால் விட்டுவிடு, ஈரத்துணியால் துடைத்தால் போதும், நாளைக்குக் குளிக்கட்டும். உனக்குக் கோபம் வந்தால் மொட்டைமாடிக்குப் போ. அதற்குத்தான் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும் என்கிறேன். தூங்காத உடம்புக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? தூங்கு.

மாப்பிள்ளையின் தங்கை வேளச்சேரியில்தானே இருக்கிறாள்? மாசத்துக்கு ஒரு ஞாயிறு அவள் வரலாம். இதையும் நான் சொன்னதாகச் சொல்லாதே.

அடுத்த வெள்ளிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறேன். வேண்டாம் என்று போன் பண்ணாதே, எடுக்கமாட்டேன். அப்பா தனியாகச் சமாளித்துக்கொள்வார், வாழைப்பழம் நிறைய இருக்கிறது. உங்கள் சபை ஐயரம்மா நம்பரை எனக்கு அனுப்பு. நீ பேசாவிட்டால் நானே பேசுவேன். கருவாடு கொண்டுவரவா, இல்லை அந்த வாடை மைனிக்கு ஒத்துக்கொள்ளாதா, அதை மட்டும் எழுது.

இப்படிக்கு,
அம்மா